கறவை மாடும் அரசாங்க மான்யமும்

(தேசியப் பால் தினத்தை முன்னிட்டு நடைபெற்ற பஞ்சாயத்து அங்கத்தினர் - பால் உற்பத்தியாளர் பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



காலைக் கறவையை முடித்து, சங்கத்தில் பாலை ஊற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். மாலைக் கறவைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். ஆகையால் நான் சுற்றி வளைக்காமல் விஷயத்திற்கு வந்துவிடுகிறேன்.

கறவை மாடு வாங்க உத்தேசித்து எங்கள் காரியாலயத்திற்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மாட்டு லோனுக்கு மான்யம் எத்தனை?" மாடு எத்தனை லிட்டர் கறக்கும், பசுந்தீவனத்திற்கு எங்கே போவது, பால் வற்றிய மாதங்களில் தவணையை எதிலிருந்து கட்டுவது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மான்யத்தை முன்னால் வைத்து மாட்டைப் பின்னால் வைத்துப் பேசும் பழக்கத்தை உங்களுக்குக் கற்றுக் கொடுத்ததில் எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கும் பங்கு உண்டு.

நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் சில மாடுகளுக்கு 'லோன் மாடு' என்றே பெயர். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று 1978-இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் தேசத்தின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் சிறு விவசாயிக்கு நாலில் ஒரு பங்கு, குறு விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர், பழங்குடி மக்களுக்குப் பாதி என்ற கணக்கில் மான்யம் கிடைத்தது. மீதி வங்கிக் கடன். தையல் இயந்திரம், கட்டை வண்டி, பெட்டிக்கடை என்று எத்தனையோ தொழில்களுக்கு உதவி உண்டு என்றாலும், ஜனங்கள் அதிகமாக நாடியது கறவை மாட்டைத்தான்.

நல்ல நோக்கத்தோடு பிறந்த திட்டம் அது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலை எடுத்தன என்பதும் உண்மை. ஆனால் நடைமுறையில் வந்த கோளாறுகளை இன்று மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. மான்யம் கடனோடு சேர்ந்து ஆரம்பத்திலேயே கைக்கு வந்துவிட்டபடியால், மாடு வாங்கிய அன்றே லாபம் கிடைத்துவிட்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாயிற்று. மாட்டின் விலையை ரசீதில் ஏற்றிக் காட்டும் வழக்கம் தோன்றியது. ஒரே மாடு இரண்டு மூன்று பேருக்கு விற்கப்பட்டதாகக் காகிதத்தில் ஊர்வலம் வந்ததும் உண்டு. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. கையளவு நிலமும் இல்லாத வீட்டில் மாட்டைக் கட்டிவிட்டு, அதற்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் கேட்கவில்லை. ஏழைகளுக்கு இப்படி மாட்டைக் கொடுத்து வறுமையைப் போக்க முடியுமா என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர் நீலகண்ட ரத் 1985-இலேயே எழுப்பினார். அன்று அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆனால் கொட்டகையில் மாடு நின்றும் தொட்டியில் தீவனம் இல்லாத வீடுகளைக் கண்ணால் கண்டவர்களுக்கு அவர் கேட்டது புரிந்திருக்கும்.

1999 ஏப்ரல் முதல் தேதியில் அந்தத் திட்டம் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுகளில் மான்யத்தை முன்னால் கொடுக்காமல் பின்னால் கொடுக்கும் முறை நிலைத்தது. 2010 முதல் நபார்டு வங்கி மூலம் நடந்த பால்பண்ணைத் தொழில் முனைவோர் திட்டத்திலும் இதே முறைதான். அதில் பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 25, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மூன்றில் ஒரு பங்கு மான்யம். இந்தப் 'பின் மான்யம்' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் வங்கி வாசலில் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள். ஆகையால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கறவை மாட்டின் விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6,000 ரூபாய், உங்கள் கைப்பணம். பாக்கி 54,000 ரூபாய் வங்கியில் கடனாக நிற்கிறது. நூற்றுக்கு 25 மான்யம் என்றால் 15,000 ரூபாய். இந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் கடனுக்குப் பக்கத்திலேயே தனிக் கணக்கில் காத்திருக்கும். அந்த 15,000-த்திற்கு உங்களிடம் வட்டி கேட்கமாட்டார்கள், உங்களுக்கு வட்டி கொடுக்கவும் மாட்டார்கள். கடனை 36 மாதத்தில் தீர்ப்பதானால் மாதத்திற்கு அசல் 1,500 ரூபாய், வட்டி தனி. முதல் 26 தவணையை நீங்கள் ஒழுங்காகக் கட்டினால், கடைசி 10 தவணைக்கு அந்த 15,000 ரூபாய் வரவு வைக்கப்படும். 26 தவணை உங்களுடையது, 10 தவணை அரசாங்கத்தினுடையது. இதுதான் பின் மான்யம். இடையில் மாட்டை விற்றுவிட்டாலும், கடன் வாராக்கடனாகிவிட்டாலும், மான்யம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இப்போது அந்த 26 மாதத்தைப் பாருங்கள். அதை அரசாங்கமும் வங்கியும் கட்டப்போவதில்லை, மாடுதான் கட்ட வேண்டும். மாடு கட்டுமா என்பது ஒரே ஒரு காரியத்தைப் பொறுத்திருக்கிறது. அது காலத்தில் சினையாக வேண்டும்.

கன்று ஈன்ற மாடு சுமார் பத்து மாதம் கறக்கும். ஈன்ற மூன்றாம் மாதத்தில் சினை பிடித்துவிட்டால், பன்னிரண்டு பதின்மூன்று மாதத்தில் அடுத்த கன்று விழும். நடுவில் இரண்டு மாதந்தான் பால் இல்லாத காலம். சினைப்பருவத்தைக் கவனிக்காமல் விட்டு எட்டாம் மாதத்தில் சினை பிடித்ததானால், அடுத்த கன்று பதினேழாம் மாதத்தில்தான். பத்தாம் மாதத்திற்குப் பிறகு கறப்பது பேருக்குத்தான் இருக்கும். ஆக ஏழு மாதம் பால் பணம் இல்லை. நல்ல மாட்டோடு ஒப்பிட்டால் ஐந்து மாதம் அதிகம். ஐந்து மாதத் தவணை 7,500 ரூபாய். அரசாங்கம் கொடுக்கும் மான்யத்தில் சரிபாதி, கவனக் குறைவு ஒன்றினாலேயே கரைந்து போகிறது. அந்த மாதங்களில் மாடு தின்ற வைக்கோலையும் தவிட்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். காலையில் மாடு கத்தி, கண்ணாடிபோல் வழும்பு தள்ளக் கண்டால் அன்று மாலையில் சினை ஊசி போடுங்கள். மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடுங்கள். கலப்பின மாடுகளில் சில கத்தாமலே பருவத்திற்கு வந்துபோகும். அதனால் கறக்கிற கை, கண்ணையும் வாலின் பக்கம் வைத்திருக்க வேண்டும். இதில் நம் தாய்மார்கள் ஆண்களைவிடச் சாமர்த்தியசாலிகள். மாட்டைப் பார்க்கிறவர் வீட்டுக்கார அம்மாள், மருந்தகத்திற்குப் போகவேண்டியவர் வீட்டுக்காரர், அவரோ டீக்கடையில் என்ற நிலைமைதான் பல வீடுகளில் ஊசியைத் தாமதப்படுத்துகிறது. (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், நான் வேறொரு வட்டாரத்தில் கீழ்நிலை உத்தியோகத்தில் இருந்த சமயம். கணவனை இழந்த ஓர் அம்மாளுக்கு இரண்டு கறவை மாடுகளுக்குக் கடன் அனுமதியாயிற்று. மாடு பார்க்கப் போன குழுவில் நானும் ஒருவன். சந்தையில் ஒரே நாளில் இரண்டு மாடும் வாங்கப்பட்டன. இரண்டின் மடியும் குடம்போல் இருந்தன. தரகர் ஒருவேளைப் பாலைக் கறக்காமல் கட்டி வைத்து மடியைப் பெருக்கிக் காட்டியிருக்கிறார் என்பது அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது. அது ஒரு நஷ்டம். இரண்டாவது நஷ்டம் அதைவிடப் பெரிது. ஒரே நாளில் வந்த இரண்டு மாடும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் பால் வற்றின. வீட்டில் ஒரு படி பால் இல்லை, தவணை மட்டும் தவறாமல் வந்தது. அந்த அம்மாள் ஒரு மாட்டை விற்று இரண்டு மாட்டுத் தவணையையும் கட்டப் பார்த்தார். மாட்டை விற்றதால் மான்யம் போயிற்று. மாட்டைப் பார்த்து வாங்கியதாகச் சொன்ன சான்றிதழில் என் கையெழுத்து இருந்தது. நான் அந்த மாட்டின் பாலை ஒருவேளைகூடக் கறந்து பார்க்கச் சொல்லவில்லை.

இரண்டு மாடு கொடுப்பதானால் ஆறு மாத இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும் என்பது பழைய திட்டத்திலேயே இருந்த யோசனைதான். எங்கள் அவசரத்தில் அதைப் பின்பற்றவில்லை. மார்ச்சு மாதத்திற்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பது எங்கள் சிரமம். அந்தச் சிரமத்தை ஒரு விதவைத் தாயின் தலையில் இறக்கிவிட்டோம்.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம். மாடு வாங்குகிறவர்களிடம், அடுத்தடுத்து மூன்று வேளை கறந்து பாருங்கள், முதல் வேளையைக் கணக்கில் விட்டுவிட்டு அடுத்த இரண்டு வேளையைக் கொண்டு மதிப்பிடுங்கள் என்று சொல்கிறேன். இரண்டாம் ஈற்று மாடாகவும், ஈன்று ஒரு மாதத்திற்கு மேற்படாததாகவும் இருந்தால் உத்தமம். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் காத்திருக்க மாட்டேன் என்றால், அவர் போகட்டும், வேறு மாடு கிடைக்கும்.

மாட்டின் தலைக்குக் கொடுக்கும் மான்யம் இப்படி. இனி, பாலின் அளவுக்குக் கொடுக்கும் மான்யத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் கூட்டுறவுச் சங்கங்களின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய் என்றும், எருமைப்பால் விலை 44 ரூபாய் என்றும் உயர்த்தப்பட்டன. அதன்மேல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வழங்க 2023 டிசம்பர் 18 முதல் அரசு ஏற்பாடு செய்தது. மூன்று ரூபாய்தானே என்று ஒரு நண்பர் என்னிடம் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. நாளொன்றுக்குச் சராசரி 8 லிட்டர், வருஷத்தில் 300 நாள் கறக்கிறது என்றால் 2,400 லிட்டர். மூன்று ரூபாய் வீதம் 7,200 ரூபாய். மூன்று ஈற்றில் 21,600 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய் மாட்டுக்கு ஒரே ஒருமுறை கிடைக்கும் 15,000 ரூபாயைவிட இது பெரிய தொகை. இதற்குத் தரகர் வேண்டியதில்லை, ஜாமீன் வேண்டியதில்லை, காரியாலயத்திற்கு நடக்க வேண்டியதில்லை. மாடு வருஷத்திற்கு ஒரு கன்று ஈன வேண்டும், பாலைச் சங்கத்தில் ஊற்ற வேண்டும், அவ்வளவே. கறக்காத மாட்டிற்கு இந்த மான்யம் இல்லை. காகிதத்தில் மட்டும் இருக்கும் மாட்டிற்கும் இல்லை. ஆகவே இது எனக்கு மிகவும் பிடித்த மான்யம்.

பாலைத் தனியார் வண்டியில் ஊற்றுகிறவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. முன்பணம் தருகிறார்கள், வாசலுக்கே வருகிறார்கள். எங்கள் சங்கங்களில் பணம் தாமதமாகிற குறை இருக்கும்வரை அந்த வண்டி வரத்தான் செய்யும். ஆனால் சங்கத்தில் ஊற்றாத பாலுக்கு மேற்சொன்ன ஊக்கத்தொகை கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தானமாக வந்ததைக் கொடுத்துக் கலைக்காமல் முதலாக்குவது எப்படி என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்திற்கு, ஐரோப்பிய நாடுகளிலிருந்து பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக வந்தன. அவற்றை இலவசமாக வினியோகித்திருந்தால் இரண்டொரு வருஷம் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள், நம் விவசாயியின் பாலுக்கு விலை விழுந்திருக்கும். டாக்டர் வர்கீஸ் குரியன் தலைமையில் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவற்றைப் பாலாக மாற்றிப் பட்டணங்களில் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பால் பதனிடும் நிலையங்களையும் சங்கங்களையும் நிறுவினார்கள். முதற் கட்டத்தில் சேர்ந்த நான்கு பெருநகரங்களில் நமது சென்னையும் ஒன்று. இன்று நாம் கொண்டாடும் பால் தினம் குரியனின் பிறந்த நாள். அவர் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் படித்தவர் என்பது நமக்கு ஓர் உபரிப் பெருமை.

இப்போதுள்ள உதவிகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. முதலாவதாக ஓர் எச்சரிக்கை. நபார்டு மூலம் நடந்ததாக நான் முன்பு சொன்ன பால்பண்ணைத் தொழில் முனைவோர் திட்டம் 2020-க்குப் பிறகு நடைமுறையில் இல்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு, 'பத்து மாட்டு லோன் வாங்கித் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கொடு' என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நபார்டு தனி மனிதர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கும் வங்கி அன்று. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே பலருடைய பணம் தப்பும். மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கம் 2021-22 முதல் மாற்றி அமைக்கப்பட்டது. ஆடு, கோழி வளர்ப்புக்கும் தீவன உற்பத்திக்கும் அதில் பாதி வரை முதலீட்டு மான்யம் உண்டு, கறவை மாடு வாங்க இல்லை. இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். நானோ, தீவனத்திற்குக் கிடைப்பதே மாட்டிற்குக் கிடைப்பதுதான் என்பேன்.

தீவனச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் கடன் வேண்டுமானால், வட்டிக்காரரிடம் போகுமுன் உழவர் கடன் அட்டையைப் பற்றி வங்கியில் விசாரியுங்கள். 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் வட்டி நூற்றுக்கு 4 என்ற அளவுக்குக் குறைகிறது. மாட்டு இன்ஷூரன்ஸில், பிரீமியத்தில் விவசாயி கட்டவேண்டிய பங்கு 2024-இல் நூற்றுக்கு 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் காதிலுள்ள வில்லை தொலைந்துவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது. வில்லை அறுந்து விழுந்த அன்றே மருந்தகத்தில் சொல்லி மறுவில்லை போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்க எண் கொண்ட அந்தச் சிறு வில்லைதான் உங்கள் மாடு உங்களுடையது என்பதற்குச் சாட்சி.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மான்யத் திட்டங்களின் பயனாளிப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்படும்போது, பெயர்களை வேகமாகப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதில் அர்த்தம் இல்லை. ஒவ்வொரு பெயரிலும் நின்று, இவருக்குத் தண்ணீர் வசதி உண்டா, கால் ஏக்கரிலாவது தீவனப்புல் போட இடம் உண்டா, வீட்டில் மாட்டைக் கவனிக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். ஊரில் யாருடைய கொட்டகையில் மாடு நிற்கிறது, யாருடைய கொட்டகையில் விறகு அடுக்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இடமே இல்லாத குடும்பத்தின் பெயரை அடித்துவிடச் சொல்வதாக எண்ண வேண்டாம். அப்படி அடித்தால், உதவி மிகவும் தேவைப்படுகிறவர்தான் முதலில் விழுவார். அவர்களுக்குப் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒரு துண்டு நிலத்தில் கம்பு-நேப்பியர் புல் வளர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்க வழி உண்டா என்று பாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 ரகப் புற்களை ஒருமுறை கரணை நட்டால், தண்ணீர் இருக்கும்வரை வருஷம் முழுவதும் அறுத்துக்கொண்டே இருக்கலாம்.

அடர் தீவனத்தில் சிக்கனம் பிடிக்கிறோம் என்று பாலைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடலைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது பசுவுக்கான பொதுக் கணக்கு. எட்டு லிட்டர் கறக்கும் மாட்டிற்கு ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ ஆகிறது. பசுந்தீவனம் தாராளமாக இருந்தால் இதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். தாது உப்பு நாளொன்றுக்கு 50 கிராம். மாடு காலத்தில் சினை பிடிக்காததற்கு இந்த 50 கிராம் இல்லாததும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சென்ற முகாமில் ஓர் அம்மாள் எழுந்து, "ஐயா, மான்யமே வேண்டாம், எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் மாட்டு டாக்டரை அனுப்புங்கள், போதும்" என்றார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று ஓரளவு சொல்ல முடியும். கால்நடை மருத்துவர் இந்தப் பந்தலுக்குப் பின்புறம் சினைப் பரிசோதனை தொடங்கிவிட்டார். மாட்டோடு வந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் வருத்தப்பட மாட்டேன். மற்றவர்கள் தங்கள் கடன் பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தால், எத்தனையாவது தவணையில் நிற்கிறீர்கள், மான்யம் எந்தக் கணக்கில் நிற்கிறது என்பதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.